சுவரும் விளக்கும் சேர்ந்து வளர்த்த பல்லி

1990களின் முற்பகுதியில், ஹவாயில் பயன்பாடின்றிக் கிடந்த விமானக் கொட்டகைகளுக்குள் கென்னத் பெட்ரன், டெட் கேஸ் என்ற இரண்டு உயிரியலாளர்கள் பல்லிகளைக் குடிவைத்தார்கள். பெரிய அடைப்புகள். அவற்றுள் வழவழப்பான சுவர், சுவரில் விளக்கு, விளக்கைத் தேடி வரும் பூச்சி, பூச்சியைத் தேடி வரும் பல்லி. சில அடைப்புகளில் ஒரே இனம், சிலவற்றில் இரண்டு இனங்கள் சேர்ந்து. ஒன்று, பசிபிக் தீவுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் லெபிடோடாக்டைலஸ் லூகுப்ரிஸ். மற்றது, இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கப்பலேறி வந்த ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனாட்டஸ். தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் இதன் தாயகம். தமிழ்நாட்டுச் சுவர்களில் நாம் பார்க்கிற பல்லி இனங்களில் இதுவும் ஒன்று. பஞ்சாங்கக்காரர்கள் பல்லி விழுந்த இடத்துக்கெல்லாம் பலன் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இந்தக் கட்டுரையில் அதை வீட்டுப் பல்லி என்றே சொல்கிறேன்.

இந்தச் சோதனைக்கு முன்பே களத்தில் ஒன்று தெளிவாகியிருந்தது. ஃபிஜி, சமோவா, தஹீதி, ஹவாய் என எந்தத் தீவின் ஊர்ப்புறத்தில் வீட்டுப் பல்லி நிலைகொண்டதோ, அங்கே கட்டடச் சுவர்களில் லூகுப்ரிஸின் எண்ணிக்கை சரிந்தது. வீட்டுப் பல்லி வராத தீவுகளில் லூகுப்ரிஸ் சுவர்களை நிறைத்திருந்தது. ஏன் என்பதே கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் பதில் எளிது. வந்தது பெரியது, இருந்தது சிறியது. பெரியது சிறியதைக் கடித்துத் துரத்தியிருக்கும், குஞ்சுகளைத் தின்றிருக்கும். உயிரியலாளர்களுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது, அது இன்னும் சுவையானது. லூகுப்ரிஸ் இனத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பெண்கள். ஆணின் துணையில்லாமல் தாய் முட்டையிடும். பொரிந்து வருவது தாயின் மரபணு நகல். வீட்டுப் பல்லியிலோ ஆணும் பெண்ணும் உண்டு. கலந்து பிறக்கும் உயிர்கள் தலைமுறைக்குத் தலைமுறை மரபணுவைக் குலுக்கிப்போடுவதால், ஒட்டுண்ணிகளை எதிர்ப்பதில் அவற்றுக்கு அனுகூலம் உண்டு என்பது பரிணாம உயிரியலில் நீண்ட நாள் பேசப்படும் கருத்து. அப்படியானால், பசிபிக் சுவர்களில் நடந்தது பாலினப் பெருக்கத்துக்கும் படியெடுப்புப் பெருக்கத்துக்கும் இடையிலான போட்டியா? 1993இல் பெட்ரன், டக்ளஸ் போல்கர், கேஸ் மூவரும் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையின் பின்னணியில் இந்தக் கேள்வி இருந்தது.

கொட்டகையில் கிடைத்த விடையில் பெரிய தத்துவம் ஏதுமில்லை. சாப்பாடுதான் விஷயம். வீட்டுப் பல்லி விளக்கடியில் கூடும் பூச்சிகளை வேகமாகவும் மிச்சமில்லாமலும் தின்றுவிடுகிறது. பெரிய பல்லி அருகில் இருக்கும்போது லூகுப்ரிஸ் விளக்கை நெருங்கத் தயங்கி ஒதுங்குகிறது. ஒதுங்கியதற்குக் கிடைப்பது எச்சம். உடல் மெலிகிறது, முட்டை குறைகிறது, பிழைத்திருக்கும் காலமும் குறைகிறது. கடித்துக் குதறும் காட்சி எதுவும் தேவைப்படவில்லை. சூழலியலில் இதைச் சுரண்டல் போட்டி என்பார்கள். ஒருவர் மற்றவரைத் தொடவே வேண்டாம், பொதுவான உணவை முதலில் தீர்த்துவிட்டால் போதும்.

1998இல் பெட்ரனும் கேஸும் இதையே திருப்பிப்போட்டுப் பார்த்தார்கள். என் கணிப்பில் மொத்த ஆராய்ச்சியிலும் முக்கியமான பகுதி இதுதான். சுவரின் மீது குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புகளைப் பொருத்தினார்கள். வெளிச்சமும் அதேதான், பூச்சியும் அதேதான், இரண்டு பல்லிகளும் அவையேதான். மாறியது சுவரின் அமைப்பு மட்டும். திறந்த சமதளத்தில் தூரத்திலிருந்தே இரையைக் கண்டு ஓடிப் பிடிக்கும் வீட்டுப் பல்லியின் அனுகூலம் தடுப்புகளுக்கு இடையே குறைந்தது. லூகுப்ரிஸுக்கு ஒதுங்கவும் மறைவிலிருந்து இரை பிடிக்கவும் இடம் கிடைத்தது. போட்டியின் கடுமை தணிந்தது. வெற்றியைத் தீர்மானித்ததில் பல்லிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு சுவருக்கும் உண்டு.

அயல் இனங்களைப் பற்றி எழுதும்போது ‘படையெடுப்பு’, ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதிப் பழகிவிட்டோம். நானும் அந்தச் சொற்களை முழுக்கத் தவிர்க்கப்போவதில்லை. ஆனால் அவை வந்தேறியின் மூர்க்கத்தை நம் கண்முன் நிறுத்துகின்றனவே தவிர, யார் களம் அமைத்துக் கொடுத்தது என்பதை மறைக்கின்றன. மின்விளக்கு வருவதற்கு முன் எந்தக் காட்டிலும் பூச்சிகள் இரவு முழுக்க ஒரே புள்ளியில் குவிந்து கிடந்ததில்லை. பூசி மெழுகிய செங்குத்துத் தளம் இயற்கையில் அரிது. இவ்விரண்டையும் சேர்த்துத் தீவுதோறும் நட்டு வைத்தவர்கள் மனிதர்கள். வீட்டுப் பல்லியின் உடம்பும் வேட்டை முறையும் அந்தச் சேர்க்கைக்கு அச்சாகப் பொருந்திப்போயின.

ஹெமிடாக்டைலஸ் பேரினத்தில் 180க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இந்தியாவிலேயே பல டஜன் உண்டு. அவற்றில் உலகம் சுற்றியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலானவை ஒரு மலை, ஒரு பாறைக் குன்று, ஒரு காட்டுத் துண்டு என்று அடங்கிக் கிடக்கின்றன. பரவிய சிலவற்றைப் பார்த்தால் சில பொதுத் தன்மைகள் தென்படும். மனித வாழிடத்தை ஒட்டி வாழப் பழகியவை. ஒரு தடவைக்கு இரண்டே முட்டை என்றாலும், அந்த முட்டைக்குக் கடினமான ஓடு உண்டு. ஈரம் வற்றிச் சாகாது. மரப்பலகை இடுக்கிலோ, ஓட்டுக் கட்டிலோ, இயந்திரப் பெட்டியிலோ வாரக்கணக்கில் பயணம் தாங்கும். வீட்டுப் பல்லிப் பெண் விந்தணுவை உடலுக்குள் சேமித்துவைத்து, ஆணே இல்லாமல் எட்டு மாதம்வரை கருவுற்ற முட்டை இடும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். ஒரு பெண் பல்லி தனியாக ஒரு சரக்குக் கப்பலில் ஏறினாலும் போதும், கரை இறங்கும்போது ஒரு குடும்பத்துக்கான முதல் அதனிடம் இருக்கிறது.

லூகுப்ரிஸ் இதில் இன்னும் ஒரு படி மேல். அதற்கு ஆணின் சேமிப்புகூடத் தேவையில்லை. இரண்டு வெவ்வேறு பல்லி இனங்கள் கலந்து பிறந்த கலப்பின வழித்தோன்றல் அது என்று கிரெய்க் மோரிட்ஸும் சக ஆய்வாளர்களும் 1993இல் மரபணுச் சான்றுடன் காட்டினார்கள். மார்ஷல் தீவுகளை ஒட்டிய பகுதி அதன் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது. அதன் முட்டைகள் மரப்பட்டையிலும் இலையடியிலும் ஒட்டிக்கொள்ளும். பொலினீசியர்களின் நெடுந்தூரத் தோணிகளில் பண்டமும் பலகையும் போன வழியே இந்தப் பல்லியும் போனது. கிழக்கே ஹவாய்வரை, பின்னர் கலாபகஸ் தீவுகள்வரைகூட.

இந்த இடத்தில் ஹவாய்க் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. ஹவாய்த் தீவுகளில் நிலத்தில் வாழும் ஊர்வன எதுவும் இயற்கையாகத் தோன்றியதில்லை. எரிமலைகள் கடலிலிருந்து எழுப்பிய, எல்லாக் கண்டங்களுக்கும் எட்டாத தூரத்துத் தீவுகள் அவை. அங்கே ‘மண்ணின் பல்லி’ என்று நாம் இரங்குகிற லூகுப்ரிஸே மனிதரோடு வந்த ஒன்றுதான். முன்னால் வந்த விருந்தாளியைப் பின்னால் வந்த விருந்தாளி திண்ணையிலிருந்து இறக்கிவிட்டது என்பதே அங்கு நடந்தது. அந்த ஆராய்ச்சி போட்டியின் இயக்கத்தைப் புரியவைப்பதற்குப் பொன்னான வாய்ப்பு. ஆனால் பேரிழப்பின் கதையை அங்கே தேடக் கூடாது. லூகுப்ரிஸ் உலகெங்கும் பரவிய, அழியும் ஆபத்தில்லாத இனம். ஹவாயின் காடுகளிலும் வெளிச்சமில்லாத ஓரங்களிலும் அது இன்னும் இருக்கிறது. அயல் இனம் நுழைந்த இடமெல்லாம் ஒரே மாதிரிச் சேதம் என்று எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பேரிழப்பைக் காண இந்தியப் பெருங்கடலுக்கு வர வேண்டும்.

மொரீஷியஸ், ரீயூனியன், ரொட்ரிக்ஸ் ஆகிய மஸ்கரீன் தீவுகளில் நாக்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சில இரவுப் பல்லி இனங்கள் இருந்தன. அந்த இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாத ஓரிடவாழ்விகள். மொரீஷியஸ் பெருந்தீவில் கிடைத்த பழைய எலும்புகள், அவை ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்ததைக் காட்டுகின்றன. இன்று பெருந்தீவில் ஒன்றுகூட இல்லை. ரீயூனியனில் இருந்த நாக்டஸ் இனத்தை அறிவியல் அறிந்துகொண்டதே எலும்பு வழியாகத்தான். 2008இல் அதற்கு நாக்டஸ் சோனியே என்று பெயர் வைத்தபோது அது அழிந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. எஞ்சியவை மொரீஷியஸைச் சுற்றியுள்ள சிறு தீவுகளில் ஒதுங்கின. வட்டத் தீவில் ஒன்று, பாம்புத் தீவு என்ற மொட்டைப் பாறையில் ஒன்று, கோயின் டி மீர் உள்ளிட்ட சில குட்டித் தீவுகளில் ஒன்று. வட்டத் தீவின் இனத்துக்கு, விலங்கியலாளர் ஜெரால்ட் டரெல், அவர் மனைவி லீ இருவரையும் கௌரவிக்கும் விதமாக நாக்டஸ் டரெல்லோரம் என்று பெயர்.

நிக் கோல், கார்ல் ஜோன்ஸ், ஸ்டீஃபன் ஹாரிஸ் மூவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சரிவில் வீட்டுப் பல்லிக்கு இருந்த பங்கைப் பரிசோதனை வழியாகக் காட்டியது. இங்கே சண்டை உணவுக்காக மட்டும் நடக்கவில்லை. பல்லிக்குப் பகலில் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து வேண்டும், இரவில் எதிரி வந்தால் ஓடிப்போய்ப் புகவும் அதே பொந்து வேண்டும். வீட்டுப் பல்லி வந்ததும் நல்ல பொந்துகளிலிருந்து இரவுப் பல்லிகள் வெளியே தள்ளப்பட்டன. வெளியே நின்றவை எதிரிகளுக்கு இரையாகும் வாய்ப்பு கூடியது. சிறியவற்றை வீட்டுப் பல்லியே தின்றது.

இந்தக் குட்டித் தீவுகளில் மின்விளக்கு இல்லை, பூசிய சுவர் இல்லை. அப்படியானால் நான் மேலே சொன்ன வாதம் என்னாவது? ஆள் குடியில்லாத பாறைத் தீவிலும் வீட்டுப் பல்லி வெல்கிறதென்றால் விளக்கையும் சுவரையும் குறை சொல்வது பொருந்துமா?

விடை பாதத்தில் இருக்கிறது. வீட்டுப் பல்லியின் விரலடியில் மெத்தை போன்ற தகடுகள், தகடுகளில் இலட்சக்கணக்கில் நுண்மயிர்கள், ஒவ்வொரு நுண்மயிரின் நுனியும் மேலும் நூற்றுக்கணக்கில் பிரிந்த இழைகள். 2000இல் கெல்லர் ஆட்டமின் குழு டோக்கே பல்லியின் ஒற்றை நுண்மயிரின் பிடிப்பு விசையை அளந்து காட்டியது. பசை இல்லை, உறிஞ்சல் இல்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான வான்டெர்வால்ஸ் விசையே சுவரில் பல்லியைத் தாங்குகிறது என்று அடுத்த ஆண்டுகளில் உறுதிப்பட்டது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை: பிடிக்கிற தளம் உறுதியாக இருக்க வேண்டும். தொட்டதும் உதிர்ந்து கையோடு வரும் பாறையில் நுண்மயிர்கள் உதிர்ந்த துகளைத்தான் பிடிக்கும்.

நாக்டஸ் பல்லிகளுக்கோ இந்த மெத்தை கிடையாது. மெல்லிய விரல், நுனியில் நகம், அவ்வளவுதான். கண்ணாடியில் ஏறச் சொன்னால் வழுக்கி விழும். ஆனால் பொலபொலவென்று உதிரும் எரிமலைச் சாம்பல் பாறையில் அது சிரமமின்றி ஓடும். வீட்டுப் பல்லி அங்கே தடுமாறும். கோலும் சக ஆய்வாளர்களும் கண்டதும் இதுவே. வீட்டுப் பல்லி வந்த பின்னும் இரவுப் பல்லிகள் பிழைத்திருந்த இடங்கள், இப்படி உதிரும் பாறை உள்ள இடங்கள். கெட்டிப் பாறையும் உறுதியான தளமும் உள்ள தீவுகளில் வந்தேறி வென்றது. ஹவாய்க் கொட்டகையில் தடுப்பு செய்த வேலையை மஸ்கரீனில் மண்ணே செய்திருக்கிறது. இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு கடல்களில், வெவ்வேறு இனங்களை வைத்து நடந்தவை. இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்: வீட்டுப் பல்லி எல்லா இடத்திலும் வல்லமை உள்ளது அல்ல, குறிப்பிட்ட வகைத் தளத்தில் வல்லமை உள்ளது. அந்த வகைத் தளத்தை நாம் உலகம் முழுக்கப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம்.

அட்லாண்டிக் பக்கத்தில் இதே இடத்தை நிரப்புவது ஆப்பிரிக்க வீட்டுப் பல்லி, ஹெமிடாக்டைலஸ் மபூயா. 1818இல் இதை முதன்முதலில் அறிவியலுக்கு விவரித்தவர் மொரோ த ஜொனே. அவர் விவரித்தது கரீபியன் தீவுப் பல்லியை. ஆப்பிரிக்காவில் பிறந்த உயிர், ஆப்பிரிக்காவில் அடையாளம் காணப்படுவதற்கு முன்பே கடல் தாண்டி வீடுகளில் நிலைத்திருந்தது என்பதே இதன் பொருள். அடிமை வணிகக் கப்பல்கள் அதைக் கொண்டுவந்தன என்ற கருத்து நெடுநாளாக உண்டு. 2021இல் இந்திய ஊர்வன ஆய்வாளர் ஈஷான் அகர்வால், ஆரன் பவர் உள்ளிட்டோர் இதன் மரபணு வரலாற்றை விரிவாகப் பார்த்தார்கள். மபூயா என்று நாம் அழைப்பது உண்மையில் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ இருபது தனித்தனி மரபுவழிகளின் தொகுப்பு. அவற்றில் மனிதரோடு ஒட்டி வாழப் பழகிய ஒன்று மட்டுமே அட்லாண்டிக்கைக் கடந்து இரு அமெரிக்காக்களிலும் பரவியிருக்கிறது. மற்றவை பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றியே இருக்கின்றன. குராசோ தீவில் வீட்டுச் சுவர்களிலிருந்து உள்ளூர்ப் பல்லியான ஃபில்லோடாக்டைலஸ் மார்ட்டினியை மபூயா அகற்றியது அண்மைப் பத்தாண்டுகளில் நடந்தது. வெளிச்சமுள்ள சுவர் புதியவருக்கு, இருட்டான புதர்க்காடு பழையவருக்கு என்று அங்கே ஒரு பிரிவினை உருவாகியிருக்கிறது.

வந்தேறிப் பல்லி போட்டி போட்டுத்தான் கெடுக்க வேண்டும் என்பதில்லை. கிறிஸ்துமஸ் தீவில் அது நோயைச் சுமந்தது. ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கும், ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்ட தீவு. 135 சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்கே ஐந்து ஓரிடவாழ் ஊர்வன இருந்தன. 1980களின் பிற்பகுதியிலிருந்து அவற்றில் மூன்று கண்முன்னே சரிந்தன. காட்டு அரணையின் கடைசி உயிர், கம்ப் என்று பெயரிடப்பட்டது, 2014 மே 31 அன்று காப்பிடத்தில் இறந்தது. அத்துடன் அந்த இனம் முடிந்தது. நீலவால் அரணையும் லிஸ்டர் பல்லியும் காட்டில் இல்லாமல்போய், காப்பிட இனப்பெருக்கத்தில் மட்டும் தங்கின. இந்தச் சரிவுக்கு முதன்மைக் குற்றவாளியாக ஆய்வாளர்கள் காட்டுவது 1987இல் பதிவான ஓநாய்ப் பாம்பை. வீட்டுப் பல்லி அங்கே அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வந்துவிட்டது, அதனால் சரிவின் காரணம் அது என்று நேரடியாகச் சொல்ல முடியாது.

ஆனால் 2014இல், காப்பிடத்தில் வைத்துக் காத்துவந்த அரணைகளும் பல்லிகளும் முகம் வீங்கிச் சிதைந்து இறக்கத் தொடங்கின. காரணம், அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியா. பின்னர் அதற்கு என்டெரோகாக்கஸ் லாசெர்ட்டிடெஃபார்மஸ் என்று பெயர் வந்தது. தீவில் தேடியபோது அது வீட்டுப் பல்லியிலும், கெஹைரா மியூட்டிலேட்டா என்ற இன்னொரு அயல் பல்லியிலும் இருந்தது. காட்டில் இல்லாமல்போன இனத்தின் கடைசிக் கூட்டத்தைக் கம்பிவலைக்குள் வைத்துக் காக்கிறார்கள். வலைக்கு வெளிப்புறம் வீட்டுப் பல்லி ஊர்கிறது. காப்பிடத்தை அமைத்தவர்கள் பாம்பையும் பூரானையும் எறும்பையும் நினைத்து வேலி போட்டிருந்தார்கள்.

குவாமில் நடந்தது வேறு விதம். போர் முடிந்த சில ஆண்டுகளில் இராணுவச் சரக்கோடு வந்ததாகக் கருதப்படும் பழுப்பு மரப்பாம்பு, அத்தீவின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை ஒழித்துவிட்டது. பறவை தீர்ந்தால் பாம்பும் குறைய வேண்டும், அதுதான் வழக்கம். குவாமில் குறையவில்லை. கோர்டன் ரோடாவும் தாமஸ் ஃபிரிட்ஸும் ஆண்டுக்கணக்கில் அதை ஆராய்ந்தார்கள். குட்டிப் பாம்புகளுக்கு முதல் இரை பல்லியும் அரணையும். வெளியிலிருந்து வந்து பெருகிய வீட்டுப் பல்லியும் ஓர் அயல் அரணையும் எத்தனை தின்றாலும் ஈடுகொடுத்துப் பெருகின. அந்தத் தீராத உணவில் பாம்புக் கூட்டம் தன் அளவைத் தக்கவைத்துக்கொண்டது. மெதுவாகப் பெருகும் உள்ளூர்ப் பல்லிகளும் பறவைகளும் தாங்கவில்லை. பெரோகைரஸ் ஏட்டலெஸ் என்ற மைக்ரோனீசியப் பல்லி குவாமிலிருந்து மறைந்துவிட்டது. இங்கே வீட்டுப் பல்லி யாரையும் நேரடியாக வெல்லவில்லை, வென்றவருக்குச் சோறு போட்டது.

சரக்கோடு தெரியாமல் வந்ததையாவது விபத்து எனலாம். செல்லப்பிராணியாகக் கொண்டுவந்து கைவிடுவதை அப்படிச் சொல்ல முடியாது. மடகாஸ்கரின் பெரும் பகல் பல்லி, ஃபெல்சுமா கிராண்டிஸ், 1990களில் மொரீஷியஸுக்குள் இப்படித்தான் வந்தது. பளிச்சென்ற பச்சை, முதுகில் சிவப்புப் பொட்டு, பார்த்தவர் வளர்க்க ஆசைப்படும் அழகு. மொரீஷியஸுக்கே உரிய சிறு பகல் பல்லிகளை அது விரட்டுகிறது, தின்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பெரும்பல்லி இருக்கும் இடங்களில் உள்ளூர்ப் பகல் பல்லிகள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது.

இந்தச் சிறு பல்லிகள் குறைந்தால் இழப்பு பல்லியோடு நிற்காது. மொரீஷியஸில் அவை தேன் குடிக்கின்றன. டென்னிஸ் ஹான்சனும் சக ஆய்வாளர்களும் நீலவால் பகல் பல்லியின் இந்த வேலையை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ரூசியா சிம்ப்ளெக்ஸ் என்ற செடிக்கு மகரந்தம் கடத்துவதும் விதை பரப்புவதும் அந்தப் பல்லிதான். அந்தச் செடி தன் பேரினத்தில் தனி ஒன்று, உலகில் வேறெங்கும் இல்லை. இன்னொரு செடி, ட்ரோசேஷியா பிளாக்பர்னியானா, தாழைப் புதருக்கு அருகில் வளர்ந்தால் அதிகம் காய்க்கிறது. பல்லிகளுக்குத் தாழை நல்ல ஒதுங்கிடம், ஆகையால் பக்கத்துப் பூவுக்கு வந்துபோகும். தாழை, பல்லி, பூ என்று மூன்றையும் கோத்திருக்கும் இந்த இழையில் பல்லியை எடுத்துவிட்டால் செடிக்கு மாற்று ஏற்பாடு இல்லை. வளர்ப்புக்காரர் ஒருவர் கூண்டைத் திறந்துவிட்டபோது இதை நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஹவாயில் 1974இல் விட்டுவைக்கப்பட்ட சில ஃபெல்சுமா லட்டிகாடா பல்லிகளிலிருந்து கிளைத்த கூட்டம் இன்று அங்கே சாதாரணம். அஞ்சல் அட்டைகளில் ஹவாயின் அடையாளமாகவே அச்சாகிறது. ஓர் அயல் இனம் மக்கள் மனத்தில் உள்ளூர்க் குடியாக மாற இரண்டு தலைமுறை போதும்.

ஒரு தீவில் வந்து நிலைத்த பல்லியை என்ன செய்வது? எலியை நஞ்சு வைத்து முழுக்க அகற்றிய தீவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வட்டத் தீவில் 1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் அகற்றினார்கள், காடு மெல்ல மீண்டது. பல்லிக்கு இப்படி ஒரு வழி இல்லை. அது தானியத்தையோ நஞ்சு உருண்டையையோ தின்னாது. அசையும் பூச்சியைத் தின்னும். எலிப்பொறி அளவுக்குத் திறமான பல்லிப்பொறி இல்லை. ஒரு பெண் மிஞ்சினாலும் வேலை வீண். பெரிய தீவு எதிலும் நிலைகொண்டுவிட்ட வீட்டுப் பல்லியை முழுக்க அகற்ற முடிந்ததில்லை.

ஆகவே செய்யக்கூடியது, வராத இடத்துக்கு வரவிடாமல் பார்ப்பது. மொரீஷியஸில் வட்டத் தீவுக்கும் பாம்புத் தீவுக்கும் அனுமதியின்றி யாரும் இறங்க முடியாது. களப்பணிக்குப் போகிறவர்களின் பை, கூடாரம், உணவுப் பெட்டி எல்லாம் ஏறும் முன்பே பிரித்துச் சோதிக்கப்படுகின்றன. 2020 ஜூலை 25 அன்று பவளத்திட்டில் மோதிய வகாஷியோ கப்பலிலிருந்து பின்னர் எண்ணெய் கசிந்தபோது, தென்கிழக்குக் குட்டித் தீவுகளின் இரவுப் பல்லிகளையும் அரணைகளையும் பிடித்து ஜெர்சி உயிரியல் பூங்காவுக்கு விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். ஓர் இனத்தின் இருப்பிடம் இரண்டு மூன்று பாறைத் திட்டுகள் என்றாகிவிட்டால் காப்பாற்றுவது இப்படித்தான் இருக்கும். சோதனையும் எப்போதும் போதுவதில்லை: கலாபகஸின் இசபெல்லா தீவில் வீட்டுப் பல்லி 2011இல் பதிவானது. உலகிலேயே கடுமையான சோதனை உள்ள தீவுக்கூட்டங்களில் ஒன்று அது.

தடுப்பு வேலை முழுவதையும் இறக்குமதி செய்யும் தீவுகளின் தலையிலேயே சுமத்தியிருக்கிறோம் என்பது என் குறை. பல்லி ஏறும் துறைமுகங்கள் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டுப் பல்லியின் தாயகத்தில் நம் கடற்கரையும் அடக்கம். இலங்கை ஆய்வாளர் டெரனியகல 1953இல் விவரித்த ஹெமிடாக்டைலஸ் பார்விமாக்குலேட்டஸ் என்ற புள்ளிப் பல்லி, இலங்கையிலும் தென்னிந்தியாவிலுமிருந்து மாலத்தீவு, மஸ்கரீன் தீவுகள் என்று பரவி, இப்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸிலும் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணிகளில் போவது செங்கல், ஜல்லி, காய்கறி. பல்லி முட்டை ஒளிந்துகொள்ள இவற்றைவிட வசதியான சரக்கு இல்லை. இரவில் விளக்குப் போட்டு வேலை நடக்கும் கிடங்கில் அடுக்கி வைத்த செங்கல்லை, தோணியில் ஏற்றும் முன் ஒரு தடவை தட்டிப் பார்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை. துறைமுக நிர்வாகமும் ஏற்றுமதியாளர்களும் அதை ஒரு விதியாக்க வேண்டும். பல்லியை ஏற்றும் இடத்தில் தடுக்கலாம், இறங்கிய இடத்தில் பிடிக்க முடியாது.